கடைசி வரிசையிலிருந்து ஓர் ‘உண்டு’

1

இந்தப் பிப்ரவரி இருபத்தொன்றாம் தேதி காலை ஏழு மணிக்கு, லண்டனின் கிழக்கே ஒரு சிறிய பூங்காவில் வெறுங்காலோடு நின்றேன். எனக்கு எழுபத்தொன்பது வயது. கல்தளம் ஈரமாக இருந்தது. முதல் இரண்டு நிமிடம் குளிர் கணுக்காலைக் கடித்தது. அதன்பிறகு கால் இருப்பதே தெரியவில்லை. கழுத்தில் பாலராமபுரத்து நேரியல் துண்டைச் சுற்றியிருந்தேன். அது நம்மூர் வெயிலுக்கு நெய்தது. இங்கே அதனால் ஒரு பயனும் இல்லை.

விஷயம் தெரிந்ததும் என் மகள் பிரிசில்லா தொலைபேசியில் ஆங்கிலத்தில் சத்தம் போட்டாள். சர்க்கரை நோயை நினைவூட்டினாள். காலில் புண் வந்தால் யார் பார்ப்பது என்றாள். கடைசியில், “அது அவர்களுடைய நாள், அப்பா. உங்களுக்கு என்ன?” என்று கேட்டாள். அவளிடம் மிஞ்சியிருக்கும் தமிழ் ஒரே ஒரு சொல்தான். வீட்டுக்கு வந்துவிட்டுக் கிளம்பும்போது கதவருகில் நின்று “வாறேன்” என்பாள். அவளுடைய அம்மா உயிரோடு இருந்தபோது பழக்கிவிட்டது.

நண்பருக்குத் துணையாகப் போனேன் என்று அவளிடம் சொன்னேன். அது பாதி உண்மை. மீதியை நம் திருச்சபை மலருக்கு எழுதுகிறேன். நெய்யாற்றின்கரை, பாறசாலை, அமரவிளைப் பக்கத்தில் இதைப் படிக்கும் உங்களில் வயதானவர்கள் சிலருக்கு என்னைத் தெரியும். ஒரு காலத்தில் உங்கள் சபையின் செயலராக இருந்தவன்.

2

அந்த நண்பரின் பெயர் ஹாரூன். வங்கதேசத்துச் சில்ஹெட் பகுதிக்காரர். தோல் கோட்டு தைக்கும் பட்டறையில் முப்பது வருடம் மெஷின் மிதித்தவர். நானோ பள்ளியில் கணிதம் நடத்தி ஓய்வு பெற்றவன். இருபத்திரண்டு வருடமாக எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்.

முதல் மூன்று வருடம் அவர் தீபாவளிக்குத் தவறாமல் எனக்கு இனிப்புப் பெட்டி கொண்டுவந்தார். தமிழன் என்றால் இந்து என்று நினைத்திருக்கிறார். மறுக்கக் கூச்சமாக இருந்ததால் நானும் வாங்கித் தின்றேன். ஒரு கிறிஸ்துமஸுக்கு வாசலில் நட்சத்திர விளக்கு கட்டியதைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டார்: “மாஸ்டர், எப்போது மாறினீர்கள்?” என் தாத்தாவின் தாத்தா காலத்தில் என்றேன். “அப்படியென்றால் மூன்று பெட்டி எனக்குக் கடன்” என்றார்.

நானும் அதற்குக் குறைந்தவனல்ல. ஒரு பெருநாள் விருந்தில், முஸ்லிம்தானே என்ற நினைப்பில், “வீட்டில் உருது பேசுவீர்களா?” என்று கேட்டுவிட்டேன். இரண்டு வாரம் அவர் என்னோடு பேசவில்லை. பிறகு அவராகவே வந்து சொன்னார்: “உருதுவை மட்டும்தான் அரசு மொழியாக ஏற்க வேண்டும் என்று சொன்னபோதுதான் எங்கள் பிள்ளைகள் டாக்காவில் குண்டு பட்டுச் செத்தார்கள். சுட்டவனும் முஸ்லிம். செத்தவனும் முஸ்லிம். மதம் ஒன்றாக இருந்தால் போதும், நாக்கு எதற்கு என்றார்கள்.”

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டு பிப்ரவரி இருபத்தொன்றில் நடந்தது அது. அதே நாளில் அவர்கள் ஒவ்வோர் ஆண்டும் செருப்பில்லாமல் பூவோடு நினைவுத் தூணுக்கு நடப்பார்கள். ஷஹீத் மினார் என்பது அதன் பெயர். நடுவில் தலை குனிந்த உயரமான தூண், இருபுறமும் சிறிய தூண்கள். பிள்ளைகளோடு ஒரு தாய் நிற்பதுபோல இருக்கும். எங்கள் பூங்காவில் அதைப்போல ஒன்று சிறிதாகக் கட்டியிருக்கிறார்கள்.

இந்த ஊர் அலுவலகங்களுக்கு இதெல்லாம் புரியாது. ஒருமுறை மருத்துவமனைப் படிவத்தில் பிறந்த இடம் கேரளம் என்று எழுதினேன். மொழி என்ற கட்டத்தில் தமிழ் என்று எழுதியதை யாரும் பார்க்கவில்லை. நான் ஆங்கிலத்தில் பாடம் நடத்தியவன் என்பதையும் யாரும் கேட்கவில்லை. அடுத்த முறை போனபோது மலையாள மொழிபெயர்ப்பாளராக ஒரு பெண் காத்திருந்தாள். ஊர் எது என்று கேட்டேன். நெய்யாற்றின்கரை. “சாருக்கு எவிடயா?” பாறசாலை என்றேன். “அய்யோ, நம்ம ஆளாக்கும்! பின்னே எதுக்கு சாரே நான்?” என்று அடுத்த மூச்சில் தமிழுக்கு வந்துவிட்டாள். பாதி தமிழிலும் பாதி மலையாளத்திலும் மரச்சீனிக் கிழங்கு விலையைப் பேசி முடித்தோம். மொழிபெயர்ப்பு நன்றாக நடந்தது என்று மருத்துவர் குறித்துக்கொண்டார்.

3

சென்ற அக்டோபரில் ஹாரூனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கால் செயலிழந்தது, நாக்கும் குழறியது. மூளை தெளிவாகத்தான் இருக்கிறது. பேச்சுதான் நனைந்த துணிபோல வருகிறது.

ஒவ்வொரு பிப்ரவரியிலும் அந்தத் தூணின் முன்னால் இறந்தவர்களின் பெயர்களைப் படிப்பவர் அவர்தான். வருகிற இருபது, முப்பது பேரில் மூத்தவர் என்பதால் அந்த வேலை அவருக்கு வந்திருந்தது. இந்த ஆண்டு படிக்க முடியாது. அவர் மகன் தாரிக் படிக்கலாம். ஆனால் தாரிக் வர மறுத்தான்.

அவனைத் தப்பாக நினைக்க வேண்டாம். தங்கமான பையன். என் மனைவி இறந்தபோது பத்து நாள் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தவன். ஐந்து வேளை தொழுகிறவன்.

“கல்லுக்கு முன்னால் பூ வைப்பது நம் மார்க்கத்தில் இல்லை அப்பா. அவர்களுக்காக வீட்டிலிருந்தே துஆ கேட்கிறேன். அது போதாதா?” என்று என் முன்னாலேயே கேட்டான்.

ஹாரூன் ஒவ்வொரு சொல்லாக இழுத்துச் சொன்னார்: “நானும் ஹஜ் போனவன்தான். கல்லிடம் நான் எதுவும் கேட்டதில்லை.”

“பார்க்கிறவர்களுக்கு அது தெரியுமா?”

“செத்தவர்களுக்குத் தெரியும்.”

தாரிக் எழுந்து போய்விட்டான். ஹாரூன் என் பக்கம் திரும்பினார். “மாஸ்டர், நீங்கள் படியுங்கள்.”

எனக்கு வங்காள எழுத்து தெரியாது என்றேன். அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளச் சொன்னார். தமிழில் எழுதினால் அவர்களுடைய ஒலிகள் பலவும் பிடிபடாமல் போயின. திரும்பப் படித்தபோது அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். யோசித்துப் பார்த்து மலையாள எழுத்தில் எழுதினேன். அதில் எல்லா ஒலிக்கும் இடம் இருந்தது. எழுதி முடித்துத் தாளைத் தூக்கிப் பார்த்தேன். இறந்தவர்களின் பெயர்களை மலையாளத்தில் நான் எழுதியது என் வாழ்க்கையில் அது இரண்டாம் முறை.

4

முதல் முறை நம் சபையில்.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். என் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது என்பதால் எழுதுகிறேன். ஈஸ்டர் விடியலில் எல்லோரும் மெழுகுவத்தியோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போவோம். அடக்கம் பண்ணப்பட்டவர்களின் பெயர்களைச் செயலர் ஒவ்வொன்றாகப் படிப்பார். ஒரு பெயரைப் படித்ததும் அந்த வீட்டார் நின்ற இடத்திலிருந்து “உண்டு” என்பார்கள். அவருக்கு ஆள் உண்டு என்று பொருள். இறந்தவருக்கு நாம் செய்வது அவ்வளவுதான். நான் பிறந்தபோது சபையில் எல்லாம் தமிழ். பின்னால் மலையாளத்துக்கு மாறியபோதும் இந்தச் சொல்லை மட்டும் யாரும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

என் அப்பாவின் தம்பி ஞானதாஸ் சித்தப்பாவுக்கும் அப்படி ஒரு ‘உண்டு’ இருந்தது. ஐம்பத்து நான்கில், தமிழ் பேசும் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று ஊர்வலங்கள் நடந்தன. களியக்காவிளைக்கு அப்பால் நடந்த ஒன்றுக்குச் சித்தப்பா ஆரியங்கோட்டு நண்பர் வேலாயுதனோடு கிளம்பினார். எனக்கு எட்டு வயது. வேலாயுதன் வீட்டில் கஞ்சி குடித்தபிறகு, அவருடைய அம்மா போகிற எல்லோர் நெற்றியிலும் திருநீறு பூசிவிட்டிருக்கிறாள். சித்தப்பா அதோடுதான் நம் சபைக் கோயில் முக்கு வழியாக நடந்தார்.

“எலே ஞானதாசு, என்னலே இது கோலம்? வேதக்காரன் நெத்தியில நீறு?” என்று யாரோ கூப்பிட்டுக் கேட்டார்கள்.

“அந்த அம்மை ஆசையா பூசினதாக்கும். அழிச்சா அவியளுக்குச் சங்கடம் ஆவும்லா” என்று சிரித்துக்கொண்டே போனார்.

அங்கே போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் காயம்பட்டு மூன்றாம் நாள் ஆசுபத்திரியில் இறந்தார். சித்தி அன்னம்மாளுக்குக் கையில் ஆறு மாதக் குழந்தை, ரோஸி. இரண்டு வருடம் கழித்து எல்லை போட்டார்கள். நாங்கள் இந்தப் பக்கம், கேரளத்தில், நின்றுவிட்டோம். அந்தப் பக்கத்தில் இறந்தவர்களுக்கு மாலை போட ஓர் அரசு இருந்தது. இந்தப் பக்கத்தில் கிடந்த சித்தப்பாவுக்கு இரண்டு அரசுமே இல்லை. ஹாரூன் சொன்ன டாக்காப் பிள்ளைகளுக்குப் பின்னால் ஒரு நாடே கிடைத்தது. சித்தப்பாவுக்கு வருடத்தில் ஒருநாள், சித்தியின் வாயிலிருந்து வந்த ஒரு சொல் மட்டும்தான்.

சித்தி எப்போதும் கடைசி வரிசையில் மதிலை ஒட்டி நிற்பாள். அங்கேதான் சித்தப்பாவின் கல்லறை. பெயர் படித்ததும் அவள் சொல்லும் ‘உண்டு’ தோட்டம் முழுவதும் கேட்கும்.

5

எனக்கு முப்பது வயதானபோது பழைய தமிழ் நோட்டு செல்லரித்துவிட்டது. பெயர்களை மலையாளத்தில் புது நோட்டில் எழுதச் சபை தீர்மானித்தது. இரண்டு எழுத்தும் திருத்தமாக எழுதத் தெரிந்தவன் செயலரான நான். அந்தக் கமிட்டிக் கூட்டத்தில்தான் ஒரு மூத்த உறுப்பினர் ஆரம்பித்தார்.

“ஞானதாசுக்க பேரும் வேணுமா? அவன் கர்த்தருக்காக மரிச்சவன் இல்ல, பாஷைக்காக மரிச்சவன். அதும் நெத்தியில நீறோட.”

“நீறு என்ன, அது மழையில கழுவிப் போச்சு. நீரு இன்னும் மனசில வச்சிருக்கீரே” என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

போதகர், “பிறகு பார்க்கலாம்” என்றார். அதோடு கூட்டம் முடிந்தது. தீர்மானம் எதுவும் எழுதப்படவில்லை. பெயரை விடு என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை.

அப்போது இந்த நாட்டில் திருச்சபை சார்ந்த ஒரு பள்ளியில் எனக்கு வேலை கிடைக்க இருந்தது. போதகரின் நற்சாட்சிக் கடிதம் வேண்டும். அந்த மூத்த உறுப்பினர் போதகருக்கு நெருக்கமானவர். ஒரு பெயரால் வாக்குவாதம் எழுந்து கடிதம் தாமதமாகிவிடும் என்று பயந்தேன். இரண்டாம் பக்கத்தில் யேசுவடியாள் என்ற பெயரை எழுதினேன். அடுத்தது சித்தப்பா பெயர். பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுதவில்லை. முழுக்க விட்டுவிடவும் மனம் வரவில்லை. ஒரு வரியை வெற்றாக விட்டு, அதற்கடுத்த வரியில் சாலமோன் என்று எழுதினேன். பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

ஈஸ்டர் வந்தது. விடியலில் படித்தேன். யேசுவடியாள், ‘உண்டு’. சாலமோன், ‘உண்டு’. நிறுத்தாமல் படித்தேன். தலையைத் தூக்கவில்லை. கடைசிப் பெயரும் முடிந்து, போதகர் ஜெபிக்கக் கண்ணை மூடும் நேரம். கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்.

“உண்டு.”

யாரும் கூப்பிடாமல் சித்தி சொன்ன சொல் அது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். போதகர் ஜெபத்தைத் தொடங்கிவிட்டார்.

வெளியே வந்ததும் சித்தி என் பக்கத்தில் வந்தாள். கையில் அணைந்த மெழுகுவத்தி.

“எலே மக்கா, சித்தப்பாக்க பேரு விட்டுப்போச்சா?”

“எழுதும்போ மறந்து போச்சு சித்தி. அடுத்த வருசம் சேத்துருதேன்.”

“மறந்து போச்சா?” என்று என் முகத்தைப் பார்த்தாள். “நீ கிளாஸில இருக்க அறுவது பிள்ளையளுக்க பேரையும் பாக்காம சொல்லுவியே மக்கா.”

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. “போய்ச் சேந்ததும் கடுதாசி போடு, கேட்டியா” என்றாள். போதகரின் கடிதம் கிடைத்தது, ஜூனில் விமானம் ஏறினேன். புதிதாக வந்த செயலர் நோட்டில் இருந்ததைப் படித்தார். இருப்பதைத்தானே படிக்க முடியும். ஒன்பது வருடம் கழித்துச் சித்தி இறந்தாள். நான் போகவில்லை, பள்ளியில் தேர்வு நேரம் என்று எழுதினேன். அதுவும் முழு உண்மை இல்லை.

6

இந்தக் கதையை ஜனவரியில் ஹாரூனிடம் சொன்னேன். பெயர்களைப் படித்துப் பழகும்போது ஒவ்வொரு பெயருக்கும் பிறகு ஏன் நிறுத்துகிறேன் என்று அவர் கேட்டதால் சொல்ல வேண்டி வந்தது. கேட்டு முடித்ததும் அவர், “நெற்றியில் சாம்பல். அதற்காகவா?” என்றார். சாம்பலுக்காக அல்ல, என் கடிதத்துக்காக என்றேன்.

அந்த நாள் காலையில் சக்கர நாற்காலியை நான் தள்ளுவதாகத்தான் ஏற்பாடு. அவர் வீட்டுக் கதவைத் தட்டியபோது தாரிக் ஏற்கெனவே அப்பாவைக் காரில் உட்கார வைத்திருந்தான். எங்கள் இருவரையும் பூங்கா வாசலில் இறக்கினான். குனிந்து அப்பாவின் பூட்ஸையும் காலுறையையும் கழற்றினான். பிறகு என் செருப்புக்கும் கையை நீட்டினான்.

“நான் உள்ளே வரவில்லை அங்கிள். செருப்பைப் பார்த்துக்கொள்கிறேன்” என்றான்.

ஹாரூன் அவன் தலையைத் தொட்டார். அவ்வளவுதான்.

ஈரக் கல்லில் நின்று பெயர்களைப் படித்தேன். அங்கே பதில் சொல்லும் வழக்கம் இல்லை. ஆனாலும் என் வாய் பழக்கத்தில் ஒவ்வொரு பெயருக்குப் பிறகும் நின்றது. அந்த இடைவெளியில் யாரும் இருமவில்லை. பூக்களை வைத்தோம். நாற்காலியைத் திருப்பியபோது ஹாரூன் என் கையைப் பிடித்தார்.

“இன்னொரு பெயர் இருக்கிறதே, மாஸ்டர். படியுங்கள். இவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.”

வாய்வரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் மனம் கொஞ்சம் லேசாகியிருக்கும். அதற்காகவே வேண்டாம் என்று தோன்றியது.

“நான் விட்டது இங்கே இல்லை” என்றேன்.

“அப்படியானால் எங்கே விட்டீர்களோ அங்கே” என்றார்.

வாசலில் தாரிக் பூட்ஸையும் செருப்பையும் தன் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு நின்றிருந்தான். காலில் போட்டபோது சூடாக இருந்தன.

7

வீட்டுக்கு வந்ததும் ரோஸியைக் கூப்பிட்டேன். அவளுக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. ஆரியங்கோட்டில் மகன் வீட்டில் இருக்கிறாள். திரையில் அவளுக்குப் பின்னால் ரப்பர் மரங்கள் தெரிந்தன.

“என்ன அண்ணா, இந்த நேரத்துல? அங்க இப்பந்தான வெளுத்திருக்கும், இல்லியா?”

“ரோஸி, ஒரு காரியம் சொல்லணும். உனக்க அப்பாக்க பேரு அந்த நோட்டுல…”

“நீங்கதான் விட்டிய.”

“உனக்குத் தெரியுமா?” என்றேன்.

“அம்மைக்கும் தெரியும். அந்த வருசமே நான் அம்மை கூடப் போயி கோயில்ல நோட்ட வாங்கிப் பாத்தேன். நடுவுல ஒரு வரி வெறுமே கெடக்கு. மறந்தவன் எடம் விடுவானா அண்ணா?”

“பின்னே ஏன் யாரும் என்கிட்ட கேக்கல?”

“அம்மை சம்மதிக்கல்ல. அவன் எடம் விட்டிருக்கான்லா, அவனே வந்து எழுதுவான்னு சொன்னா. சாவுக வரைக்கும் அதத்தான் சொன்னா.” போனை மறுகைக்கு மாற்றினாள். “அம்மைக்க பேரு அதே நோட்டுல ஏறிச்சு. அந்த வருசம் நான் ஒருக்கா ‘உண்டு’ சொன்னேன். பொறவு போவல்ல. அப்பாவ விட்டுட்டு அம்மைக்கு மட்டும் எப்பிடிச் சொல்ல?”

நான் மன்னிப்புக் கேட்டேன். அழுதேன் என்பதையும் மறைக்க வேண்டாம். அவள் அழவில்லை.

“என்கிட்ட போன்ல சொன்னா ஆச்சா? நீங்க பேர விட்டது எனக்க வீட்டுக்குள்ளயா? சபையில விட்டிய. சபையில சொல்லுங்க.”

“சொன்னா, பேரு படிச்சா, நீ வருவியா?”

ரப்பர் மரங்களின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். “படிச்சா வாறேன். இல்லெங்கி இல்ல.”

அதனால்தான் இதை எழுதினேன். இப்போதைய செயலர் யார் என்று எனக்குத் தெரியாது. அவருக்கு ஒரு விண்ணப்பம். அந்த நோட்டின் இரண்டாம் பக்கத்தில் யேசுவடியாளுக்கும் சாலமோனுக்கும் நடுவே ஒரு வெற்று வரி இருக்கும். அது என் கை விட்ட இடம். மலையாளத்தில் எழுதினாலும் சரி, தமிழில் எழுதினாலும் சரி, அதில் ஞானதாஸ் என்று எழுதிக்கொள்ளுங்கள். நெற்றியில் நீறோடு போனவர் என்று யாராவது சொன்னால், ஆமாம், ஒரு தாய் பூசியதை அழிக்க மனமில்லாதவர் என்று சொல்லுங்கள். கமிட்டிக்கு என் எழுத்து வேண்டுமென்றால் இதையே வைத்துக்கொள்ளலாம்.

ஈஸ்டர் விடியலில் அந்தப் பெயரைப் படித்ததும் அடுத்ததற்குப் போய்விட வேண்டாம். கொஞ்சம் நில்லுங்கள். ரோஸிக்கு முழங்கால் வலி. மதிலைப் பிடித்துக்கொண்டு கடைசி வரிசையில்தான் நிற்பாள். குரல் வந்து சேரச் சற்று நேரமாகும்.